ஒரே ரோபோ, நாட்டுக்கொரு பெட்டி: டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் பொதிகளைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் உருமாறும் ரோபோப் பொம்மைகளான டிரான்ஸ்ஃபோர்மர்ஸைச் சேர்க்கத் தொடங்குபவரைக் குழப்புவது ரோபோ அல்ல, அது வந்த பெட்டி. ரொறன்ரோ மாமா அனுப்பிய பெட்டியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சரிக்குச் சரி இருக்கும். சுவிஸ் சித்தி கொண்டுவந்ததில் பத்துப் பன்னிரண்டு மொழிகள் பொடி எழுத்தில் நெருக்கியடிக்கும். சென்னைக்குப் போய்வந்தவர் வாங்கியதில் விலை அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர், கட்டாரிலிருந்து வந்ததில் அரபு ஸ்டிக்கர். நான்கிலும் உள்ளே இருப்பது ஒரே பம்பிள்பீ ரோபோ. இதில் எது ஒறிஜினல் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான்கும் ஒறிஜினலாக இருக்கலாம், நான்கும் போலியாகவும் இருக்கலாம்.

பெட்டி உங்களுக்குச் சொல்வது ஒன்றைத்தான்: அது எந்த நாட்டுச் சந்தைக்காகக் கட்டப்பட்டது என்பதை. எங்கே தயாரானது, அசலா, பழையதா, கூடுதல் காசு கொடுக்கத் தகுமா என்பவை தனித்தனிக் கேள்விகள். அவற்றுக்கான விடை பெட்டியின் வேறு வேறு மூலைகளிலும் பொம்மையின் உடம்பிலும் இருக்கிறது.

ஏன் இத்தனை பெட்டி?

ஜப்பானின் டக்காரா நிறுவனம் 1980 இல் டயாக்ளோன் வரிசையையும் 1983 இல் மைக்ரோ சேஞ்ச் வரிசையையும் விற்றது. அந்த வார்ப்பு அச்சுகளை எடுத்து, பெயரும் கதையும் சேர்த்து, அமெரிக்காவில் 1984 இல் டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் என்று இறக்கியது அந்நாட்டு நிறுவனமான ஹஸ்ப்ரோ. அடுத்த ஆண்டு அதே பெயர் ஜப்பானுக்கே திரும்பிப் போனது. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஹஸ்ப்ரோ வாங்கிக்கொண்ட மில்டன் பிராட்லியின் பெயரில் வந்தது. இத்தாலியில் ஜிக், பிரேசிலில் எஸ்த்ரேலா, பின்னாளில் இந்தியாவில் ஃபன்ஸ்கூல். ஒவ்வொரு நிறுவனமும் தன் சட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்றபடி பெட்டியை மாற்றியது. சில இடங்களில் பெயரே மாறியது: ஒப்டிமஸ் பிரைம் ஜப்பான் பெட்டியில் கொன்வோய், நல்லவர் அணியான ஓட்டோபொட்டுகள் அங்கே சைபர்ட்ரோன்கள். பிரேசிலில் எஸ்த்ரேலா தன் இரண்டு அணிகளுக்கும் ஒப்டிமஸ், மலிக்னஸ் என்றே பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெட்டியை முதன்முதலில் பார்ப்பவர் கள்ளச்சரக்கு என்றுதான் நினைப்பார்.

2006 இல் டக்காராவும் டோமியும் இணைந்தன. அதன் பிறகான ஜப்பான் பெட்டிகளில் டக்காரா டோமி என்ற பெயரைக் காண்பீர்கள்.

பெட்டியைப் படிக்கும் ஒழுங்கு

வேண்டியவை: பகல் வெளிச்சம், 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, கைபேசிக் கமரா. படத்தையும் முன்பக்க எழுத்தையும் பார்த்துத் தொடங்க வேண்டாம். அவை எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், போலி செய்பவர்களும் அவற்றைத்தான் முதலில் நகலெடுப்பார்கள். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலாவது, அடியிலோ பின்பக்கக் கீழ் விளிம்பிலோ உள்ள பொடி எழுத்து முகவரி. ஹஸ்ப்ரோவின் அமெரிக்க முகவரியான பொட்டக்கெற், ரோட் ஐலண்ட் என்று மட்டும் இருந்தால் அமெரிக்கப் பெட்டி. கியூபெக்கின் லோங்கே என்ற ஊர்ப் பெயரும் சேர்ந்திருந்தால் கனடா விற்பனைக்கும் உரியது. சுவிஸின் டெலெமோன் என்ற ஊர் இருந்தால் ஐரோப்பியப் பெட்டி. அக்ஸ்பிரிட்ஜ் என்று இருந்தால் பிரித்தானிய முகவரியும் இருக்கிறது என்று பொருள், ஐரோப்பியப் பெட்டி பலவற்றில் இரண்டும் அருகருகே வரும். டெலெமோன் முகவரியைப் பார்த்து “சுவிஸில் செய்தது” என்று கூடுதல் விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது நிறுவனத்தின் முகவரி மட்டுமே. தயாரித்த நாடு தனி வரியில் இருக்கும்: பெரும்பாலும் சீனா, 2010களிலிருந்து வியட்நாமும். ஒரே ரோபோ சீனாவிலும் வியட்நாமிலும் தயாராகியிருந்தால் பிளாஸ்டிக் நிறத்திலோ வண்ணப்பூச்சிலோ சிறு வேறுபாடு தென்படலாம். அது தொழிற்சாலை வேறுபாடு, அதைப் பெட்டி வேறுபாட்டோடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது.

இரண்டாவது, பார்கோடு. அமெரிக்க, கனடியப் பெட்டிகளில் 12 இலக்கம், ஹஸ்ப்ரோவுக்கு 630509, 653569, 195166 போன்ற தொடக்கங்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் 13 இலக்கம், 5010993, 5010994, 5010996 என்று தொடங்கும். டக்காரா டோமியின் சொந்தப் பார்கோடு 4904810 இல் தொடங்கும். கைபேசிச் செயலியால் வருடினால் 12 இலக்கப் பார்கோடு முன்னால் ஒரு 0 சேர்ந்து 13 ஆகக் காட்டப்படலாம், அதனால் அச்சில் உள்ளதைக் கண்ணால் எண்ணிப் பாருங்கள். தொடக்க இலக்கம் நிறுவனம் எங்கே பதிவானது என்பதைத்தான் காட்டும். 50 என்று தொடங்குவதால் பொருள் இங்கிலாந்தில் செய்ததாகிவிடாது, சீனாவுக்குரிய 690 இல் தொடங்குவதால் போலியாகிவிடவும் மாட்டாது.

மூன்றாவது, மொழி. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். சிறு பாகங்களால் மூச்சடைக்கும் ஆபத்து என்ற எச்சரிக்கை எல்லாப் பெட்டியிலும் பல மொழியில் இருக்கும், அதை எண்ணாதீர்கள். பின்பக்கத்தில் ரோபோவைப் பற்றிய விளக்க வரி எத்தனை மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். கனடாவில் பொதியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அங்கே இரண்டும் ஒரே அளவு எழுத்தில் வரும். ஐரோப்பியப் பெட்டியில் மொழிகள் கூடக்கூடப் பாத்திரத்தின் கதைக்குறிப்பு சுருங்கும், பல வரிசைகளில் அறவே இல்லை. வாசிப்பதற்காகவே பெட்டியை வைத்திருப்பவருக்கு அமெரிக்கப் பெட்டிதான் திருப்தி தரும்.

நான்காவது, பாதுகாப்பு முத்திரைகள். ஐரோப்பாவுக்கு சி.ஈ., பிரித்தானியாவுக்கு அண்மைக் காலத்தில் யு.கே.சி.ஏ., சீனாவுக்கு மூன்று சி சேர்ந்த முத்திரை, ஜப்பானுக்கு எஸ்.டி., வளைகுடா நாடுகளுக்கு ஜி முத்திரை. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருட்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்குப் பின் இந்தியக் கடையில் புதிதாக வாங்கியது என்று சொல்லப்படும் பெட்டியில் அது இல்லையென்றால், எங்கே வாங்கியது என்று மறுபடி கேளுங்கள். சி.ஈ. ஒன்றை மட்டும் வைத்து ஐரோப்பியப் பெட்டி என்று முடிவு கட்ட முடியாது. அமெரிக்காவுக்குப் போன பொருட்களிலும் அது இருக்கும்.

ஐந்தாவது, ஸ்டிக்கர்கள். இந்திய ஸ்டிக்கரில் உச்ச சில்லறை விலை, இறக்குமதியாளர் பெயர், மாதம், ஆண்டு ஆகியவை இருக்கும். வளைகுடாவில் அரபு ஸ்டிக்கர், ஜப்பானில் ஜப்பானிய ஸ்டிக்கர். புதியவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்யும் முதல் வேலை, அசிங்கமாக இருக்கிறது என்று இவற்றை உரிப்பது. செய்யாதீர்கள். அச்சுப் பெட்டி பல நாடுகளுக்குப் பொதுவாக இருக்கும்போது, அது எந்தச் சந்தையில் விற்றது என்பதற்கு அந்த ஸ்டிக்கரே சாட்சி. உரித்தால் மேற்பூச்சும் கூடவே வந்து வெள்ளைத் திட்டு மிஞ்சும். கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டைக்கூட அப்படியே விடுவது நல்லது.

கடைசியாகத் திகதிக் குறி. ஹஸ்ப்ரோ பெட்டியின் அடியிலோ பார்கோட்டுக்கு அருகிலோ ஐந்து இலக்கம் அழுத்தியோ மையால் அடித்தோ இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, கடைசி இலக்கம் தொழிற்சாலை. 12451 என்றால் 1 இல் முடியும் ஓர் ஆண்டின் 245 ஆவது நாள், அதாவது செப்டெம்பர் 2. அது 2011 ஆ, 2021 ஆ என்பதை வரிசையின் பெயர் சொல்லும்: கிங்டம் என்றிருந்தால் 2021. இதே மாதிரி ஐந்து இலக்கம் ரோபோவின் காலுக்குள்ளோ முதுகின் உட்பக்கத்திலோ மையில் அடித்திருக்கும். திறந்த பொருளை வாங்கும்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரே நாளாக இருக்கத் தேவையில்லை. ஆனால் பெட்டி 2019, பொம்மை 2021 என்றால் யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே இருப்பதும் மாறுகிறதா?

காசு சம்பந்தப்பட்ட கேள்வி இதுதான். விடை ஆண்டைப் பொறுத்தது.

2018 இறுதியில் வரத் தொடங்கிய சீஜ் வரிசையிலிருந்து ஹஸ்ப்ரோவும் டக்காரா டோமியும் பொதுவரிசையில் ஒரே பொருளைத்தான் விற்கின்றன. ஜப்பான் பெட்டி என்பது பெரும்பாலும் அதே பெட்டி, மேலே ஜப்பானிய ஸ்டிக்கரும் எஸ்.ஜி., ஈ.ஆர்., கே.டி. என்று தொடங்கும் இலக்கமும் இருக்கும். ஸ்டூடியோ சீரிஸ் என்ற வரிசையிலும் இப்படித்தான், ஆனால் ஜப்பானிய எண் வரிசையும் ஹஸ்ப்ரோவின் எண் வரிசையும் ஒன்றல்ல. எண்ணை மட்டும் சொல்லி ஓடர் கொடுத்தால் வேறு ரோபோ வந்து நிற்கும், பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். “ஜப்பான் தரம்” என்று சொல்லி இந்தக் காலப் பொருளுக்கு இரட்டை விலை கேட்டால், நீங்கள் கொடுப்பது ஒரு ஸ்டிக்கருக்கான காசு. ஸ்டிக்கரைத்தான் சேர்க்கிறீர்கள் என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

அதற்கு முந்திய கதை வேறு. 2015 இல் ஹஸ்ப்ரோ, ஓர் அணியாக இணைந்து ஒரே பெரிய ரோபோவாகும் கொம்பைனர் வோர்ஸ் ரோபோக்களைத் தனித்தனியாக விற்றது. டக்காரா டோமி யுனைட் வோரியர்ஸ் என்ற பெயரில் ஓர் அணி முழுவதையும் ஒரே பெரிய பெட்டியில், வேறு வண்ணப்பூச்சோடு விற்றது. அடுத்து வந்த டைட்டன்ஸ் ரிட்டர்னுக்கு ஈடான ஜப்பானிய லெஜண்ட்ஸ் வரிசையில் நிறமும், சிலவற்றில் வார்ப்பும் மாறின, கூடவே மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைச் சிறுநூலும் இருந்தது. அந்தக் காலப் பொருளில் ஜப்பான் பெட்டிக்கு அதிக விலை என்பதில் நியாயம் உண்டு. ஆனால் மங்காவும் பாகங்களும் முழுதாக இருந்தால்தான்.

1984 முதல் வந்த முதல் தலைமுறையில் வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பாதுகாப்புச் சட்டம். அமெரிக்காவுக்கான ஏவுகணைப் பொறிகளின் சுருள்வில்லை ஹஸ்ப்ரோ தளர்த்திவிட்டது. ஜப்பானியப் பொருளில் அது பாயும், அமெரிக்கப் பொருளில் விழும். துப்பாக்கியாக உருமாறும் மெகாட்ரோனின் ஜப்பானியப் பெட்டியில் வாளும் சுடக்கூடிய சிறு குண்டுகளும் வந்தன, அமெரிக்கப் பெட்டியில் அவை இல்லை. 2002 இல் அமெரிக்காவில் மறுவெளியீடாக வந்த ஒப்டிமஸ் பிரைமின் புகைக்குழாய்கள் குட்டையாக்கப்பட்டன. குழாய் உடைந்த பொருள் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

முதல் தலைமுறைப் பெட்டியின் வயதை அறிய ஒரு குறுக்குவழி: விரல் சூட்டில் அணிச்சின்னம் தெரியும் சதுர ஸ்டிக்கர் 1985 இல்தான் சேர்ந்தது. அதற்கான இடமே பெட்டிப் படங்களில் இல்லையென்றால் 1984 வெளியீடாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்கத்தில் வெட்டிய ஓட்டை இருந்தால் பழைய உரிமையாளர் ரோபோ பொயின்ட் எனப்படும் கூப்பனை வெட்டி அனுப்பியிருக்கிறார் என்று பொருள். பெட்டி அசல்தான், விலை குறையும். தங்க நிறப் பெட்டியில் பழைய ஓட்டோபொட் கார்களைக் கண்டால் அது 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வந்த கிளாசிக்ஸ் மறுவெளியீடு. அமெரிக்காவில் அப்போது வரிசையே நின்றுவிட்டது.

சீல் உடைக்காத பழைய பெட்டி என்றால் உள்ளே எல்லாம் நலம் என்று நம்பிவிடக் கூடாது. மினுமினுப்புத் துகள் கலந்த தங்க நிறப் பிளாஸ்டிக் 1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த சில ரோபோக்களில் தானாகவே நொறுங்கும் தன்மை கொண்டது. எந்த நாட்டுப் பெட்டியானாலும் இதற்கு விலக்கில்லை. தொட்டால் உதிரும். மென்மையான டயர்கள் ரெஜிபோம் தட்டில் பல ஆண்டு பட்டுக் கிடந்தால் அதை உருக்கிப் பள்ளமாக்கிவிடும்.

போலியைப் பிடிப்பது

என்.சி. வீதியிலும் மத்திய வீதியிலும் கடைகளில் தொங்கும் மலிவான உருமாறும் ரோபோக்கள் பெரும்பாலும் எந்தப் பெயரும் இல்லாதவை. அவற்றை யாரும் அசலென்று விற்பதில்லை, பிள்ளைகள் விளையாட நல்லது. ஆபத்து இணையத்தில் வரும் போலிகளில்தான், அவை பெட்டியோடு சேர்த்துப் போலி.

அசல் ரோபோவின் உடம்பில், பாதத்திலோ தொடையின் உட்பக்கத்திலோ, ஹஸ்ப்ரோ பெயரும் டக்காரா அல்லது டோமி பெயரும் நாட்டின் பெயரும் வார்ப்பிலோ மையிலோ இருக்கும். போலியில் அந்த இடம் வழித்து விட்டமாதிரி வெறுமையாக இருக்கும். முகவரி வரி பெட்டியில் மங்கலாகவோ, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டியோ இருந்தால் அது நகலெடுத்த அச்சு. கைவில்லையில் பாருங்கள்: தொழிற்சாலை அச்சில் பொடி எழுத்து கறுப்பு மையில் மட்டும், விளிம்பு கூர்மையாக இருக்கும். வருடி நகலெடுத்ததில் கறுப்பு எழுத்தே பல நிறப் புள்ளிகளால் ஆகியிருக்கும். பழைய பெட்டிகளுக்குச் செய்யும் மறுஅச்சுப் பெட்டிகளுக்கும் இதே சோதனைதான். மறுஅச்சு என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை.

அச்சு வழவழப்பையோ பெட்டியின் பாரத்தையோ வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஒரே பெட்டியின் மட்டை தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். 2022 அளவில் பிளாஸ்டிக் யன்னலே இல்லாத, வெறும் ஓட்டையுள்ள பெட்டிகள் வந்தபோது அவற்றைப் போலி என்று திருப்பிக் கொடுத்தால் நட்டம் உங்களுக்குத்தான். அந்த வகைப் பெட்டியில் உண்மையான தொல்லை வேறு: கடையில் கைவிட்டு ஆயுதத்தைக் கழற்றிக்கொள்ளலாம். வாங்கித் தருபவரிடம் பெட்டிப் படத்தோடு ஒப்பிட்டு, உள்ளே துப்பாக்கி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பது

சொந்தக்காரரிடம் “ஒரு டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் வாங்கி அனுப்புங்கோ” என்றால் கையில் கிடைத்ததுதான் வரும். வரிசையின் பெயர், ரோபோவின் பெயர், அளவு வகுப்பு (டிலக்ஸ், வொயேஜர், லீடர்) மூன்றையும் எழுதி ஒரு படத்தோடு அனுப்புங்கள். காசு கட்டுமுன் ஆறு பக்கமும், இரண்டு முனைகளின் சீலும், பார்கோடும் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். பெட்டிக்காகவே வாங்குகிறீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இடம் மிச்சம் பிடிக்கப் பெட்டியைக் கழற்றி மடித்து, ரோபோவைச் சட்டைக்குள் சுற்றி அனுப்பிவிடுவார்கள்.

கூரியர் காரர் நிறையை மட்டுமல்ல, பருமனையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது வழமையான கணக்கு. 40, 30, 20 அளவுள்ள பெட்டி உண்மையில் 1.5 கிலோ என்றாலும் 4.8 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். கப்பல் வழிப் பெட்டியில் போட்டால் மலிவு, ஆனால் வாரக்கணக்கில் கொள்கலன் சூட்டில் கிடக்கும். யன்னலை ஒட்டிய பசை அந்தச் சூட்டில்தான் விடும். அப்படி அனுப்பும்போது பொம்மைப் பெட்டியை மேற்பகுதியில், நாலு பக்கமும் துணி வைத்து, மேலே பாரம் எதுவும் வராமல் வைக்கச் சொல்லுங்கள். டின்மீனும் ஷம்பூவும் அதன் மேல் ஏறினால் வந்து சேரும்போது பெட்டி தட்டையாகிவிடும்.

பொம்மைப் பெட்டியில் நேரடியாக டேப் ஒட்டக் கூடாது. முதலில் தெளிவான பிளாஸ்டிக் பை, பிறகு குமிழ்த்தாள், பிறகு எல்லாப் பக்கமும் 4 சென்ரிமீற்றராவது இடைவெளி விட்டு இரட்டை மட்டை வெளிப்பெட்டி. கொழும்பில் சுங்கம் திறந்து பார்க்கலாம், அதனால் விலைச்சிட்டையின் பிரதியை வெளிப்பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். உள்ளே என்ன என்பது அதில் தெளிவாக இருந்தால் உட்பெட்டியைக் கிழிக்கும் தேவை குறையும்.

முதல் தலைமுறை மெகாட்ரோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அசல் அளவுக்கு அருகான வோல்தர் பி38 கைத்துப்பாக்கி வடிவம், எக்ஸ்ரேயில் துப்பாக்கியாகவே தெரியும். விமானத்தில் கைப்பையில் கொண்டுவரச் சொல்லவே வேண்டாம். பார்சலில் போடுவதென்றாலும் இங்குள்ள சுங்கத்திடம் முன்கூட்டியே விசாரித்துவிட்டுத்தான். அந்தப் பாத்திரம் கட்டாயம் வேண்டுமென்றால் பின்னாளில் வந்த யுத்தத் தாங்கி வடிவ மெகாட்ரோன்கள் தொல்லையில்லாதவை.

கடற்கரை ஊரில் பெட்டியைக் காப்பாற்றுவது

கனடாவில் 20 ஆண்டு அலுமாரியில் அலுங்காமல் இருந்த பெட்டி இங்கே இரண்டு மாரியில் வளைந்துவிடும். வாடைக் காலத்தில் மட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பும். கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கும். இந்த இழுபறியில் முதலில் கைவிடுவது யன்னல் பசை, அடுத்தது அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழ், பிறகு சீல் டேப். உப்புக்காற்று திருகாணிகளையும் உலோக அச்சாணிகளையும் துருவேற்றும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த அறைகளில் இது இன்னும் வேகம்.

மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்குங்கள். 50 லீற்றர் பெட்டிக்கு 150 முதல் 200 கிராம் வரை சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை நல்லது. நிறம் மாறியதும் சமையலறை ஓவனில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தி மறுபடி போடலாம். உள்ளே சிறு டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வையுங்கள், 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் போதும். அதற்குக் கீழே விட்டால் மட்டை மறுபக்கம் வளையும். மூடுவதற்கு ஏற்ற நேரம் கச்சான் காலப் பிற்பகல். மழைநாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள், சிலிக்கா முதல் வாரத்திலேயே களைத்துப்போகும்.

பெட்டிகளைச் சீமெந்துத் தரையிலோ வெளிச்சுவரோடு ஒட்டியோ வைக்க வேண்டாம், கறையான் அந்த வழியாகத்தான் வரும். பூச்சிக்கென்று நப்தலீன் உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி ரெஜிபோமையும் சில தெளிவான பிளாஸ்டிக்குகளையும் இளக்கும். சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் பெட்டியைச் சுற்றினால் ஈரம் உள்ளே பொறிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும்.

திறந்து விளையாடும் எண்ணமிருந்தால் மேல் முனையை விட்டுவிட்டு அடி முனையின் சீலை மட்டும் மெல்லிய கத்தியால் இரண்டாக அறுங்கள், உரிக்க வேண்டாம். உள்தட்டை நேராக இழுத்தெடுத்து, எந்த ஓட்டையில் எது இருந்தது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு தாள் கட்டுகளைப் பின்புறத்திலிருந்து முறுக்கு அவிழுங்கள். பெட்டியை மடிப்பதானால் தொழிற்சாலை மடிப்பில் மட்டும் மடியுங்கள். யன்னல் உள்ள பெட்டி என்றால் மடிக்கவே வேண்டாம். குறிப்புக் கொப்பியில் வரிசை, ரோபோ, பார்கோடு, பெட்டித் திகதிக் குறி, பொம்மைத் திகதிக் குறி, மொழிகள், ஸ்டிக்கர், யார் எந்த ஊரிலிருந்து அனுப்பியது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பிள்ளைகள் பிரித்து எறியும் வெறும் பெட்டிகளையும் கேட்டு வாங்கலாம். ஒப்பிட்டுப் பழக அவை போதும், தட்டையாக மடித்தால் பத்துப் பெட்டி ஒரு பயணப்பையின் அடியில் அடங்கும்.